யாரும் கூப்பிடாத ஊசி: பெருந்தொற்றுக் காலத்தில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது எப்படி?

பூந்தமல்லியில் இருப்பவர்களுக்கு 2020ஆம் ஆண்டு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கும். மார்ச் மாதத்தில் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய பயணிகள் சிலரைத் தனிமைப்படுத்தித் தங்கவைத்த ஊர்களில் பூந்தமல்லியும் ஒன்று. மே 5ஆம் தேதி கோயம்பேடு மொத்தச் சந்தை மூடப்பட்டது. அடுத்த வாரமே காய்கறி வியாபாரம் பக்கத்தில் இருக்கும் திருமழிசைக்கு வந்துவிட்டது. ராத்திரி முழுக்க லாரி. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு சேர்த்து அறிவிக்கப்பட்ட முழு ஊரடங்கில் பூந்தமல்லியும் அடங்கியது. அந்த நாட்களில் தெருவில் யாராவது ரெண்டு தடவை இருமினால் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும்.

அப்போது பல வீடுகளில் எழுந்த ஒரு கேள்வி: "கொரோனாவுக்குத்தான் ஊசி இன்னும் வரலை, ஃப்ளூ ஊசின்னு ஒண்ணு இருக்காமே, அம்மாவுக்கு அதையாவது போட்டுடலாமா?"

போடலாம். ஆனால் எதற்காகப் போடுகிறோம், எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். ஃப்ளூ ஊசி கொரோனாவைத் தடுக்காது. இரண்டும் வேறு வேறு வைரஸ். சர்க்கரை நோயும் மூச்சிரைப்பும் உள்ள 68 வயது அம்மா ஒருவருக்கு ஃப்ளூ வந்து நிமோனியாவாக மாறி, ஆக்சிஜன் படுக்கை தேடி அலைய வேண்டிய நிலையைத் தவிர்ப்பதற்குத்தான் அந்த ஊசி. சாதாரண வருஷத்தில் படுக்கை கிடைத்துவிடும். பெருந்தொற்று நடக்கும் வருஷத்தில் கிடைக்காமல் போகலாம். 2021 மே மாதத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி என்று ஃப்ளூவுக்கும் கொரோனாவுக்கும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. அனுபவமுள்ள டாக்டரும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்லும். 2020இன் ஆரம்ப வாரங்களில் தமிழ்நாட்டில் அந்தப் பரிசோதனைக்குக் கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து மற்றும் ஆராய்ச்சி நிலையம்தான் முதல் இடமாக இருந்தது. வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வராமல் இருந்தாலே ஒரு பரிசோதனை, ஒரு தனிமைப்படுத்தல், நாலு நாள் பயம் மிச்சம்.

இது நம்மைத் தேடி வராது

நம் ஊரில் தடுப்பூசி என்றாலே யாராவது கூப்பிடுவார்கள் என்று பழகிவிட்டோம். குழந்தை பிறந்தால் கிராம சுகாதார செவிலியர் அட்டையைப் பார்த்துத் தேதி சொல்வார். கர்ப்பிணிகளுக்குப் பிக்மி எண் இருக்கிறது. கொரோனா தடுப்பூசிக்குக் கோவின் செயலி குறுஞ்செய்தி அனுப்பியது; 2021 செப்டம்பர் 12 முதல் ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம்கள் தெருமுனைக்கே வந்தன. போலியோ சொட்டு மருந்துக்குப் பேருந்து நிலையத்திலேயே மேஜை போட்டிருப்பார்கள்.

ஃப்ளூ தடுப்பூசி அப்படியில்லை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. அதனால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் போடும் இருப்பு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போய் நிற்காதீர்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல் சுகாதாரப் பணியாளர்கள், கர்ப்பிணிகள், முதியோர், நீண்டகால நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைக்கிறது. பரிந்துரை வேறு, இலவசமாகக் கையில் கிடைப்பது வேறு. பொதுமக்களில் பெரும்பாலோர் தனியார் மருத்துவமனையிலோ குழந்தை மருத்துவரிடமோ காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு டோஸ் பொதுவாக ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பெட்டியில் அச்சிட்ட விலையைப் பாருங்கள். ஊசி போடும் கட்டணம் தனியா, சேர்த்தா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் எல்லா வீட்டிலும் எல்லோருக்கும் முடிகிற காரியமா? இல்லை. அதனால் வரிசை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். என் கணக்கில் முதலில் வருபவர் வீட்டில் உள்ள கர்ப்பிணி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாய் போட்டுக்கொண்டால் அந்த எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு ஊசி, ரெண்டு உயிர். அடுத்து 65 வயதைத் தாண்டியவர்கள். ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள். பிறகு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் கொரோனா காலத்தில்தான் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் பரிந்துரைக்கத் தொடங்கியது. திடகாத்திரமான 30 வயதுக்காரர் கடைசியில் வரலாம். ஆனால் அவர்தான் தினமும் பஸ்ஸில் போய் வந்து வீட்டுக்கு வைரஸைக் கொண்டுவருபவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்கிறார்களே, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது, அந்தப் பயனாளிகள் பட்டியலில் உங்கள் வீட்டார் பெயர் இருந்தால் ஃப்ளூ ஊசி தேவைப்படுவோர் வரிசையிலும் அவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை தன்னார்வலர் வரும்போது அரசு மருத்துவமனையில் இந்த ஊசிக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அட்டையில் இருக்கும் 'ஹிப்' இது இல்லை

பெற்றோர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் பென்டாவேலன்ட் என்று இருக்கும். அதில் சேர்ந்துள்ள ஐந்தில் ஒன்று 'ஹிப்'. விரித்தால் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா பி. "இன்ஃப்ளுயன்ஸான்னு போட்டிருக்கே, அப்போ ஃப்ளூ ஊசி போட்டாச்சு" என்று நினைத்துவிடுகிறார்கள். அது வைரஸ் அல்ல, பாக்டீரியா. 1892இல் ஃபைஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஃப்ளூவுக்குக் காரணம் அந்த பாக்டீரியாதான் என்று எண்ணினார், பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸ் பிரித்தறியப்பட்டது 1933இல்தான். விஞ்ஞானி செய்த பிழைக்கு இன்றைக்கும் நாம் குழம்பிக்கொண்டிருக்கிறோம்!

அதேபோல "நிமோனியா ஊசி" என்று சொல்லப்படும் நியுமோகாக்கல் தடுப்பூசியும் வேறு. "பன்றிக் காய்ச்சலுக்குத் தனி ஊசியா?" என்றும் கேட்கிறார்கள். தனியாக வேண்டாம். 2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்த அந்த எச்1என்1 வைரஸ்தான் இப்போது ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃப்ளூ வகைகளில் ஒன்றாகிவிட்டது. ஃப்ளூ ஊசியில் அதுவும் அடக்கம். அன்றைக்கு நம் நாட்டில் தயாரான ஊசியும் மூக்கில் அடிக்கும் மருந்தும் சந்தைக்கு வந்தது 2010 ஜூன், ஜூலையில். ஆகஸ்ட் 10ஆம் தேதி பெருந்தொற்று முடிந்ததாக அறிவித்துவிட்டார்கள். புது வைரஸுக்கு ஊசி வரத் தாமதமாகும். பழைய வைரஸுக்கு ஊசி ஏற்கெனவே இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும்.

எந்த மாதம்?

டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஃப்ளூ தலைதூக்குவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையோடு. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை, குளிரோடு. சென்னையிலும் வேலூரிலும் உச்சம் அக்டோபர், நவம்பர். நம்முடைய வடகிழக்குப் பருவமழையோடு. புனே தேசிய வைராலஜி நிறுவனத்தோடு சேர்ந்து பல நகரங்களில் நடந்த கண்காணிப்பில் தெரியவந்த விவரம் இது.

ஊசி போட்டால் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். அப்படியானால் நமக்குச் சரியான காலம் ஆகஸ்ட், செப்டம்பர். இதை நினைவில் வைக்க எளிய வழி: செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் செய்தியில் வரத் தொடங்குவதற்கு முன் போட்டுவிட வேண்டும். ஃபோனில் ஆகஸ்ட் 15க்கு ஆண்டுதோறும் வரும்படி ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். எட்டு வயது வரை உள்ள குழந்தைக்கு முதல் தடவை போடும்போது நாலு வார இடைவெளியில் ரெண்டு டோஸ் வேண்டும். அவர்களுக்கு ஜூலையிலேயே தொடங்குவது நல்லது.

ஆண்டுக்கு ஆண்டு போட வேண்டுமா என்றால், ஆமாம். வைரஸ் சட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒரு முறை வட கோளத்துக்கும், செப்டம்பரில் ஒரு முறை தென் கோளத்துக்கும் எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நம் நாட்டில் இரண்டு தயாரிப்பும் விற்பனைக்கு வரும். பெட்டியின் மேல் என்.ஹெச் அல்லது எஸ்.ஹெச் என்ற எழுத்தும் ஆண்டும் இருக்கும். எது என்பதில் ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; கையிருப்பில் உள்ளதில் மிகப் புதியதைக் கேளுங்கள். போன வருஷத்துப் பெட்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

செப்டம்பரைத் தவறவிட்டவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது தமிழ்நாடு அரசு மார்ச் 10ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. புதுச்சேரியில் சிறு வகுப்புகளுக்குப் பள்ளியையே சில நாள் மூடினார்கள். மழைக்காலம் மட்டும்தான் என்று ஃப்ளூ நம்மிடம் எழுதிக் கொடுக்கவில்லை.

போவதற்கு முன் ஃபோன், போன பின் ஃபோட்டோ

பெருந்தொற்று நேரத்தில் ஆஸ்பத்திரிக்குள் நுழைவதே ஒரு ஆபத்து. ஊசி போடப் போய் வேறு ஒன்றை வாங்கிக்கொண்டு வரக் கூடாது. முதலில் ஃபோன் செய்யுங்கள். கேட்க வேண்டியவை: ஊசி இருக்கிறதா, எந்த ஆண்டுத் தயாரிப்பு, மொத்தம் எவ்வளவு, காய்ச்சல் நோயாளிகள் உட்காரும் இடமும் ஊசி போடும் இடமும் தனித்தனியா, கூட்டம் இல்லாத நேரம் எது. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் காலையில் திறந்தவுடன் வாருங்கள் என்றுதான் பதில் வரும். துணைக்கு ஒருவர் போதும். வீடே கிளம்ப வேண்டாம்.

உங்களுக்கு இது பொருந்துமா என்ற சந்தேகம் இருந்தால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். இ-சஞ்சீவனி வழியாக வீடியோவில் டாக்டரிடம் பேசலாம். 2020 ஏப்ரலில் ஊரடங்குக்கு நடுவே வந்த இலவச சேவை இது. பேசும்போது இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள்: முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததா, முட்டை சேராதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, கை கால் செயலிழக்கும் கில்லன் பாரே நோய் எப்போதாவது வந்ததா. முட்டை சேராதவர்களில் பெரும்பாலோர் போட்டுக்கொள்ளலாம். டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊசி போடும் நாளில் காய்ச்சல் இருந்தால் கிளம்பாதீர்கள். கொரோனா வந்திருந்தால் தனிமைக் காலம் முடிந்து உடம்பு தேறிய பிறகு போகலாம். கொரோனா ஊசிக்கும் இதற்கும் எத்தனை நாள் இடைவெளி என்பது 2021இல் பலரைக் குழப்பியது. கொரோனா தடுப்பூசி தொடங்கிய அந்த ஜனவரியில் மற்ற எந்த ஊசிக்கும் 14 நாளாவது இடைவெளி வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. புதிய ஊசி, தகவல் குறைவு, அதனால் அந்த எச்சரிக்கை. அக்டோபருக்குள் தரவுகள் சேர்ந்த பிறகு, இரண்டையும் ஒரே நாளில் வேறு வேறு கையில் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. இதிலிருந்து தெரிவது: பெருந்தொற்று நடக்கும்போது விதி மாறும். ஆறு மாதத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து முடிவெடுக்காமல் போகிற வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடையில் நீங்களே ஊசி மருந்து வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மத்தியான வெயிலில் ஷேர் ஆட்டோவில் போய், தெரிந்த நர்ஸிடம் போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம். இந்த மருந்து எப்போதும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். கெட்டுப்போனால் பால் மாதிரி திரிந்து காட்டிக்கொடுக்காது. ஊசி போட்ட திருப்தி இருக்கும், பாதுகாப்பு இருக்காது. குளிர்ப்பெட்டி உள்ள இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். கடுமையான ஒவ்வாமை அரிது. வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும். வீட்டுக்கு வந்ததும் கை வலி, லேசான காய்ச்சல், அசதி ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். "ஊசி போட்டதால ஃப்ளூ வந்துடுச்சு" என்பது தவறு. கையில் போடும் இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அது நோயை உண்டாக்க முடியாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தாலோ, இருமலோ மூச்சு வாங்கலோ இருந்தாலோ, ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி ஃபோட்டோ. இதுதான் ஸ்மார்ட்ஃபோன் வைத்திருப்பவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம். கோவின் சான்றிதழில் ஃப்ளூ ஊசி ஏறாது. அது கொரோனாவுக்கு மட்டும். நீங்கள் பதிந்துவைக்காவிட்டால் இந்த ஊசிக்குப் பல இடங்களில் ஒரு துண்டுச் சீட்டுதான் சாட்சி. அடுத்த வருஷம் "எப்போ போட்டோம், எந்தக் கம்பெனி?" என்று கேட்டால் வீட்டில் நாலு பேரும் நாலு மாதம் சொல்வார்கள். மருந்துப் பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி தெரியும்படி ஒரு படம் எடுங்கள். ரசீதையும் டாக்டர் எழுதிய சீட்டையும் சேர்த்து எடுத்து, டிஜிலாக்கரில் நீங்களே பதிவேற்றும் பகுதியில் வைத்துவிடலாம். குழந்தைக்கென்றால் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பக்க விளைவு ஏதாவது வந்து புகார் தெரிவிக்க வேண்டியிருந்தால் முதலில் கேட்பது அந்தத் தொகுதி எண்ணைத்தான்.

போட்ட பிறகும் வந்தால்?

வரலாம். ஊசியும் ஊரில் சுற்றும் வைரஸும் நன்றாகப் பொருந்துகிற ஆண்டில், டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. நூறு சதவீதம் அல்ல. அதனால் முகக்கவசத்தைக் கழற்றி வீசுவதற்கான அனுமதிச் சீட்டாக இதை நினைக்க வேண்டாம்.

2009இல் மத்திய அரசு வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. லேசான காய்ச்சல், சளி என்றால் வீட்டில் ஓய்வு, மற்றவரிடமிருந்து விலகியிருத்தல், கவனித்தல். பெரும்பாலும் ஃப்ளூ பரிசோதனை வேண்டாம். காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, வீட்டில் காய்ச்சல் வந்தவர் கர்ப்பிணி, முதியவர், சிறு குழந்தை, நீண்டகால நோயாளி என்றாலோ டாக்டர் ஒசெல்டாமிவிர் கொடுப்பார்; தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம், ஆகவே "ரெண்டு நாள் பார்ப்போம்" என்பது இவர்களுக்குப் பொருந்தாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், உதடு நீலம் பாய்தல், மயக்கம், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108.

"2020இல் ஃப்ளூ ஊசி போட்டவர்கள் எல்லாம் காசை வீணாக்கினார்கள்தானே? அந்த வருஷம் ஃப்ளூவே வரலையே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. உண்மையில் அந்த ஆண்டு உலகம் முழுவதும் ஃப்ளூ படுத்துவிட்டது. ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்காவின் குளிர்காலத்தில் ஏறக்குறைய ஃப்ளூவே பதிவாகவில்லை. முகக்கவசம், ஊரடங்கு, மூடிய பள்ளி, நின்றுபோன விமானம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. பி யமகட்டா என்ற ஒரு ஃப்ளூ வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. அதனால் நாலு வகை வைரஸுக்கு எதிராக இருந்த ஊசியை மூன்றாகக் குறைக்கலாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

ஆனால் 2020 ஆகஸ்ட்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு முகக்கவசத்தோடு டிரங்க் ரோடு கிளினிக் ஒன்றின் வாசலில் நின்றவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. மழை வரப்போகிறது, படுக்கைகள் நிரம்பியிருக்கின்றன, கையில் ஒரு ஊசி இருக்கிறது. அன்றைய தகவலுக்கு அவர் எடுத்தது சரியான முடிவு. முகக்கவசம் இறங்கியதும் ஃப்ளூ திரும்பி வந்தது. 2022 செப்டம்பரில் குழந்தைகள் வார்டுகளில் காய்ச்சல் பிள்ளைகள் நிறைந்தார்கள். ஊரடங்கில் பிறந்து ஃப்ளூவை ஒரு தடவைகூடச் சந்திக்காத குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள்.

இந்த ஆகஸ்ட்டில் ஃபோன் செய்யும்போது வீட்டுப் பெரியவர்களின் பிறந்த தேதி, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், போன வருஷம் எடுத்த அந்தப் படம், மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். ஐந்து நிமிஷ வேலை.